ஆல்டர்ஷாட்: ஆணையால் பிறந்த ஊர்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, தென் இங்கிலாந்தின் பட்டாள ஊரான ஆல்டர்ஷாட்டில் பேருந்துக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்றிருந்த வெள்ளைக்கார முதியவர் ஒருவர், எதிரே பூங்காப் பெஞ்சுகளில் அமர்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்த நேபாளப் பெரியவர்களைப் பார்த்தபடி, "முன்பெல்லாம் இது நம் ஊராக இருந்தது" என்று தம் நண்பரிடம் சொன்னார். அவர் குரலில் வெறுப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, பெருமூச்சுதான் இருந்தது. ஆனாலும் அந்தச் சொல் என்னை விடவில்லை. பக்கத்து ஊரான ஃபார்ன்பரோவில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில், அவர் சொன்ன அந்த "முன்பு" எந்தக் காலம், அந்த "நம்" யார் என்பதை ஒருமுறையாவது முறையாக எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

1851ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆல்டர்ஷாட்டில் இருந்தவர்கள் 875 பேர். ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் ஓரத்தில் ஒரு தேவாலயம், சில பண்ணைகள், அவற்றைச் சுற்றி ஏர் பிடிக்க உதவாத மணற்பாங்கான புதர்க்காடு என்பதற்கு மேல் அங்கே சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அந்தப் புதர்க்காடுதான் ஊரின் தலையெழுத்தை மாற்றியது. 1853ஆம் ஆண்டுக் கோடையில் சோபம் என்ற இடத்தில் பிரிட்டிஷ் படை ஒரு பெரிய பயிற்சி முகாமை நடத்தியது. வாட்டர்லூவுக்குப் பின் ஐரோப்பாவில் பெரும் போரைக் காணாத அந்தப் படைக்கு, பெருந்திரளாகக் கூடிப் பயிற்சி செய்ய நிலையான இடம் வேண்டும் என்பது அப்போது தெளிவானது. தலைமைத் தளபதி ஹார்டிங் பிரபு ஆல்டர்ஷாட்டைத் தேர்ந்தெடுத்தார். விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் அதற்குத் துணை நின்றார். லண்டனுக்கும் தென்கடற்கரைக்கும் இடையே அமைந்த இடம், மலிவான நிலம், பயிர் அழிகிறதென்று வழக்குப் போட ஆளில்லாத தரிசு ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்ததே காரணம். 1854இல் நிலம் வாங்கப்பட்டது. அதே ஆண்டில் ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் பிரிட்டனும் இறங்கியதால் வேலை நான்கு கால் பாய்ச்சலில் நடந்தது.

பேசிங்ஸ்டோக் கால்வாய் நடுவே ஓட, வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு முகாம்கள் எழுந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரக் கொட்டகைகளுக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதி, 1794இல் வெட்டப்பட்டு அதுவரை பெரிதாக லாபம் பார்க்காத அந்தக் கால்வாயின் படகுகளில்தான் வந்தது. 1861ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரின் தொகை 16,000ஐத் தாண்டியிருந்தது. அதில் சுமார் 9,000 பேர் பட்டாளத்தார். மற்றவர்கள் யார் என்று கேட்டால், பட்டாளம் எங்கே போனாலும் அதன் பின்னாலேயே போகிறவர்கள்: சாராயக்கடை நடத்துபவர்கள், துணி வெளுப்பவர்கள், தையற்காரர்கள், பூட்ஸ் தைப்பவர்கள், அடகுக்கடைக்காரர்கள், கொத்தனார்கள், மணம் முடிக்க அனுமதி கிடைக்காத சிப்பாய்களோடு வாழ்ந்த பெண்கள். ஆக, பத்தே ஆண்டுகளில் ஆல்டர்ஷாட் மக்களில் மிகப் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வந்தவர்களாகிவிட்டனர். அந்தப் பழைய 875 பேரில் யாரேனும் ஒரு கிழவர் அன்றைக்கு "முன்பெல்லாம் இது நம் ஊராக இருந்தது" என்று சொல்லியிருந்தால், அதில் முழு நியாயம் இருந்திருக்கும்.

குன்னூருக்கு அருகே வெலிங்டனில் வளர்ந்தவன் நான். கண்டோன்மென்ட் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பு அடித்த மரங்களும் பெருக்கிய சாலைகளும், இந்தப் பக்கம் கடைவீதியின் சந்தடியும் என்ற பிரிவினை எனக்குச் சிறுவயதிலேயே பழக்கமானது. ஆல்டர்ஷாட்டில் முதன்முறை நடந்தபோது அதே பிரிவினைக் கோட்டினை இங்கேயும் பார்த்தேன். வெலிங்டன் அவென்யூ என்ற சாலைக்கு ஒரு பக்கம் குடிமக்களின் ஊர். மறுபக்கம் அளவெடுத்து நட்ட மரங்களோடு நேர்கோட்டில் ஓடும் பட்டாளத்துச் சாலைகள். பாசறைகளின் பெயர்கள் கொரன்னா, அல்புவேரா, பிளென்ஹைம், மால்பிளாக்கே என்று பழைய போர்க்களங்களின் வரிசையாக இருந்தன. ஜெகதளா என்று எங்கள் ஊர்க்காரர்கள் அழைத்துவந்த இடத்தில் 1850களில் படைவீடு கட்டி, வெலிங்டன் என்று பெயர் சூட்டியவர்களுக்கும் இதே பழக்கம்தான்.

வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அந்த வெலிங்டன் பிரபு இங்கே குதிரைமேல் சிலையாக அமர்ந்திருக்கிறார். 30 அடி உயரமும் 40 டன் எடையும் கொண்ட அந்தச் சிலை, 1846இல் லண்டன் ஹைடு பார்க் முனையில் ஒரு வளைவின் உச்சியில் ஏற்றப்பட்டது. வளைவுக்கும் சிலைக்கும் பொருத்தமே இல்லையென்று நகரமே நகைத்தது. பிரபு உயிரோடு இருக்கும்போது இறக்கினால் அவமதிப்பாகும் என்று விட்டுவைத்தவர்கள், 1883இல் சாலையைச் சீரமைக்கும் சாக்கில் இறக்கி, இரண்டு ஆண்டுகள் கழித்து ஆல்டர்ஷாட்டின் ஒரு மேட்டில் கொண்டுவந்து வைத்தனர். தலைநகருக்கு வேண்டாதது பட்டாள ஊருக்குப் போதும் என்ற எண்ணம் அதில் இருந்ததாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சென்னைக் கோட்டையில் வெல்லெஸ்லி இல்லம் என்று ஒரு பழைய கட்டடம் இருக்கிறதே, ஆர்தர் வெல்லெஸ்லி என்ற இயற்பெயரோடு அங்கே தங்கியிருந்து, பிறகு திப்புவுக்கு எதிரான போருக்குச் சென்றவர் இவர்தான். கல்வெட்டுகள் அவரைப் பற்றியும் அவரைப் போன்றவர்களைப் பற்றியும் நிறையவே பேசுகின்றன.

கல்வெட்டுகள் பேசாதவர்களில் ஒருவர் திருமதி பெர்சி. 1864இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. பட்டாளத்து ஊர்களிலும் துறைமுகங்களிலும் சிப்பாய்களிடையே பால்வினை நோய் பெருகிவிட்டது என்பதற்காக, போலீஸ்காரர் ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலே போதும், ஒரு பெண்ணை விலைமகள் எனப் பதிந்து மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தலாம், மறுத்தால் சிறையில் அடைக்கலாம் என்று அந்தச் சட்டமும் அதைத் தொடர்ந்த திருத்தங்களும் வழிசெய்தன. ஆண்களுக்கு அப்படி எந்தப் பரிசோதனையும் இல்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த ஊர்களில் ஆல்டர்ஷாட் ஒன்று. திருமதி பெர்சி, முகாமின் கேளிக்கை அரங்குகளில் பாடியும் நடித்தும் பிழைத்த ஒரு விதவை. அவரும் பதின்வயது மகளும் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று போலீசார் வற்புறுத்தினர், அவர் மறுத்தார், தமக்கு நேர்ந்ததை லண்டன் நாளிதழ் ஒன்றுக்குக் கடிதமாகவும் எழுதினார். வேலை போயிற்று. 1875ஆம் ஆண்டின் வசந்தத் தொடக்கத்தில், படைமுகாமைக் கட்டுவதற்குச் சாமான் சுமந்த அதே பேசிங்ஸ்டோக் கால்வாயிலிருந்து அவருடைய உடல் எடுக்கப்பட்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் போராடிவந்த ஜோசஃபைன் பட்லருக்கும் அவருடைய தோழர்களுக்கும் இந்தச் சாவு ஒரு தீப்பொறியாயிற்று; 1886இல் சட்டம் நீக்கப்பட்டது. இதே வகைச் சட்டம் 1868 முதல் இந்தியாவிலும் இருந்தது என்பதையும், பால்வினை நோய் கண்ட பெண்களை வைத்து மருத்துவம் பார்த்த "லாக் ஆஸ்பத்திரி"கள் சென்னை மாகாணத்துப் பட்டாள ஊர்களிலும் நடந்தன என்பதையும் நம்மவர்கள் மறந்துவிடக் கூடாது. கால்வாய்க் கரையில் இன்று மக்கள் நாயோடு நடக்கிறார்கள், மிதிவண்டி ஓட்டுகிறார்கள். நானும் நடப்பதுண்டு.

அதே முகாமின் கேளிக்கை உலகம் இன்னொரு தாயையும் கண்டது. 1894வாக்கில், சிப்பாய்கள் நிறைந்திருந்த ஆல்டர்ஷாட் கேன்டீன் அரங்கில் ஹன்னா சாப்ளின் என்ற பாடகிக்குக் குரல் உடைந்துபோக, கூட்டம் கூச்சலிட்டு எள்ளிற்று. ஐந்து வயது மகனை மேடையில் ஏற்றிவிட்டனர். சிறுவன் பாடினான், காசுகள் வந்து விழுந்தன, முதலில் காசைப் பொறுக்கிக்கொள்கிறேன், பிறகு பாடுகிறேன் என்று அவன் சொன்னதற்கு அரங்கமே சிரித்தது. சார்லி சாப்ளின் தம் தன்வரலாற்றில் எழுதியிருப்பதைத்தான் சொல்கிறேன். அதுவே அவருடைய முதல் மேடை, அவருடைய தாய்க்குக் கிட்டத்தட்டக் கடைசி மேடை.

ராணுவச் சிறைக்கு ஆங்கிலத்தில் "கிளாஸ்ஹவுஸ்" என்று ஒரு கொச்சைப் பெயர் உண்டு. கண்ணாடிக் கூரை வேய்ந்த ஆல்டர்ஷாட் சிறையிலிருந்துதான் அது பிறந்தது. மருத்துவமனையின் கதையோ வேறு. 1879இல் குன்றின்மேல் திறக்கப்பட்ட கேம்பிரிட்ஜ் ராணுவ மருத்துவமனையில், முதல் உலகப்போரில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்காக ஹெரால்டு கில்லீஸ் என்ற மருத்துவர் 1916இல் தனிப் பிரிவு தொடங்கினார். பதுங்குகுழியில் தலையைத் தூக்கினால் முகத்தில் குண்டு என்ற போர்முறை, அறுவை மருத்துவம் அதுவரை காணாத காயங்களைத் தந்தது. நோயாளியின் நெற்றித் தோலையும் மார்புத் தோலையும் உயிரோட்டம் அறாமல் நகர்த்தி மூக்கும் தாடையும் உருவாக்க அவர் கற்றுக்கொண்டார். ஹென்றி டாங்க்ஸ் என்ற ஓவியர், தாமும் மருத்துவம் படித்தவர் என்பதால், அந்த முகங்களை வண்ணத்தில் பதிந்துவைத்தார். சோம் போருக்குப் பின் இடம் போதாமல் 1917இல் அந்தப் பணி சிட்கப்புக்கு மாறிற்று. மருத்துவமனை 1996இல் மூடப்பட்டது. இன்று அந்தக் கட்டடத்தில் விலையுயர்ந்த அடுக்குமாடி வீடுகள்.

வந்தேறிகளோடு ஊருக்கு ஏற்பட்ட உரசல் புதியதும் அல்ல. இரண்டாம் உலகப்போரில் லட்சக்கணக்கான கனடியச் சிப்பாய்கள் இந்த வட்டாரத்தில் பயிற்சி பெற்றனர். போர் முடிந்தும் ஊர் திரும்பக் கப்பல் கிடைக்காமல் தவித்தவர்கள், 1945 ஜூலையில் இரண்டு இரவுகள் கடைத்தெருவில் புகுந்து கண்ணாடிகளை நொறுக்கினர். நகர மன்றம் என்ன செய்தது தெரியுமா? அதே செப்டம்பரில் அந்தக் கனடியப் படைக்கு நகரின் கௌரவக் குடியுரிமையை வழங்கியது. இவ்வூரின் குணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

1972 பிப்ரவரி 22 அன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், ஆல்டர்ஷாட்டைத் தளமாகக் கொண்ட பாராசூட் படையினர் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஊர்வலம் சென்ற குடிமக்களைச் சுட்டதில் 13 பேர் அங்கேயே இறந்தனர். அதற்குப் பழிவாங்குவதாகச் சொல்லி, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த அயர்லாந்து ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வின் "அதிகாரப்பூர்வ" பிரிவு, பாராசூட் படைப்பிரிவின் அதிகாரிகள் உணவகத்துக்கு வெளியே காரில் வெடிகுண்டு வைத்தது. இறந்த ஏழு பேரில் ஐந்து பேர் அங்கே வேலை பார்த்த பெண்கள், ஒருவர் தோட்டக்காரர், ஒருவர் படையின் கத்தோலிக்கப் பாதிரியார். டெர்ரியில் சுட்டவர்களில் ஒருவர்கூட அதில் இல்லை. உணவகத்தில் வேலை செய்யவும் செடிக்கு நீர் ஊற்றவும் வந்தவர்களே அந்தக் கணக்குக்கு உயிரை விலையாகக் கொடுத்தார்கள்.

பாராசூட் படை 2000த்தையொட்டிக் கோல்செஸ்டருக்குப் போய்விட்டது. காலியான பாசறை நிலத்தில் வெல்லெஸ்லி என்ற பெயரில் 3,850 வீடுகள் திட்டமிடப்பட்டு எழுந்துகொண்டிருக்கின்றன. ஊர் எல்லைப் பலகை இன்னும் "பிரிட்டிஷ் ராணுவத்தின் தாயகம்" என்றுதான் சொல்கிறது.

இனி அந்தப் பெஞ்சுகளுக்கு வருகிறேன். நேபாளத்து வீரர்களான கூர்க்காக்கள் 1815 முதல் பிரிட்டிஷ் கொடியின்கீழ் போரிடுபவர்கள். ஹாங்காங் 1997இல் சீனாவுக்குக் கைமாறியபோது, அங்கிருந்த அவர்களின் தலைமையகம் இங்கிலாந்துக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு இங்கே குடியேறும் உரிமை மறுக்கப்பட்டது. நடிகை ஜோன்னா லம்லி முன்னின்று நடத்திய போராட்டத்தின் பின், நான்காண்டு பணி முடித்த அனைவருக்கும் அந்த உரிமை 2009இல்தான் கிடைத்தது. அறுபதையும் எழுபதையும் கடந்த கிழவர்கள், மலைக்கிராமத்தில் இருந்த நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ மனைவியோடு வந்து சேர்ந்தனர். சக பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கிடைத்த ஓய்வூதியத்தில் சிறு பங்கே அவர்களுக்குக் கிடைத்தது. மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்போர் வரிசை நீண்டதும், மொழி தெரியாத முதியவர்களால் ஊரின் சேவைகள் திணறியதும் உண்மையே. அதை மறுப்பவன் நான் அல்லன். ஆனால் உரிமையைக் கொடுத்துவிட்டு, அவர்கள் எந்த ஊரில் வந்து இறங்குவார்களோ அந்த ஊருக்குப் பணம் தராமல் விட்டது அரசின் குற்றமே தவிர, பெஞ்சில் அமர்ந்திருப்பவர்களின் குற்றம் அல்ல. அவர்கள் கனவு கண்டு இந்த ஊரைத் தேடிப் பிடிக்கவில்லை. 1855இல் அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் சிப்பாய்களை இங்கே கொண்டுவந்து சேர்த்த அதே ராணுவம்தான் இவர்களையும் கொண்டுவந்து சேர்த்தது. பட்டாளத்துக்கு உழைத்துவிட்டுப் பட்டாளம் போன பிறகும் எஞ்சியிருப்பவர்கள் ஆல்டர்ஷாட்காரர்கள் என்றால், டாக்கா டோப்பி என்ற நேபாளத் தொப்பி அணிந்த இந்தக் கிழவர்களைவிட அசல் ஆல்டர்ஷாட்காரர்களை நான் எங்கே தேடுவது?

அன்று எனக்கான பேருந்தை விட்டுவிட்டு, சாலையைக் கடந்து ஒரு பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்தேன். பக்கத்தில் இருந்தவருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கோட்டில் மூன்று பதக்கங்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் வணக்கம் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்றதும் முகம் மலர்ந்தது. இளம் வயதில் மலாயாவின் சுங்கை பட்டாணியில் பயிற்சி பெற்றாராம். முகாமைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களாம். தோட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் தமிழர்களாம். சற்று யோசித்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக நினைவிலிருந்து எடுத்துவைப்பவர்போல, "தண்ணி... வாங்க... சாப்பாடு..." என்றார். பிறகு தம் மனைவியின் பக்கம் திரும்பி நேபாளியில் ஏதோ சொல்ல, அந்த அம்மாள் பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.