பச்சை விளக்கு மட்டும் போதாது
ஃபைபர் கேபிளில் ஒளியாக வரும் இணையத்தை வாங்கித் தரும் மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தால் இணைப்பில் குறையே இல்லை என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஒளி வருகிறதா என்பதைத்தான் விளக்கு சொல்லும்; எவ்வளவு வருகிறது என்பதை அறிய பிரவுசரில் மோடத்தின் பக்கத்தைத் திறக்க வேண்டும், பல மோடங்களில் முகவரி 192.168.1.1. அங்கே பெறும் ஒளியின் அளவு டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) கணக்கில் இருக்கும். வீடுகளில் பரவலாக உள்ள ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறை) மோடங்களுக்கு மைனஸ் 27 தான் ஏறக்குறைய எல்லை; அதற்கும் கீழே, மைனஸ் 28, 29 என்று போனால் ஒளி போதாது. எங்கள் வீட்டில் இணைப்பு அடிக்கடி அறுந்தபோதும் விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. அளவோ மைனஸ் 28. பீரோவுக்குப் பின்னால் கேபிள் மடிந்து நசுங்கிக் கிடந்தது. அதை நிமிர்த்தியதும் மைனஸ் 21க்கு வந்துவிட்டது. இந்தக் கணக்கில் 3 (3 டிபி) குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும், ஆகவே இது சின்ன வித்தியாசம் அல்ல. மோடத்தின் இந்தப் பக்கத்தைப் பூட்டிவைக்கும் இணைய நிறுவனங்கள் இந்த ஓர் எண்ணையாவது வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும்.