சிறு திருத்தங்களுடன் ஏகமனதாக

பெரியம்மா: மனே, நான் ஊற்றிய தேத்தண்ணியில் நஞ்சு என்று எழுதினாயா?

நான்: என்ன பெரியம்மா, வந்ததும் வராததுமாக?

பெரியம்மா: கோவிலில் இருந்து நேரே வருகிறேன். கேத்தல்கூட இன்னும் கழுவவில்லை. எழுபது பேருக்கு இஞ்சி தட்டிப் போட்டு ஊற்றினேன். சீனி வருத்தக்காரருக்குத் தனியாக ஊற்றினேன். அதைக் குடித்துவிட்டு 'சீனி போதாது' என்ற சீனி வருத்தக்காரருக்கு மறுபடியும் ஊற்றினேன். நிமிர்கிறேன், உள்ளே செயலாளர் ஒலிபெருக்கியில் வாசிக்கிறார்: "தலைமைக் குரு கிண்ணத்தை உதட்டில் வைத்தார். நாக்கு நீலமாயிற்று." எழுபது தலையும் என் பக்கம் திரும்பின.

நான்: செயலாளர் எதை வாசித்தார்?

பெரியம்மா: போன கூட்ட அறிக்கையை. நீ டைப் அடித்துக் கொடுத்ததைத்தான்.

நான்: கடவுளே. பென் டிரைவில் இரண்டு இருந்தன பெரியம்மா. ஒன்று கூட்ட அறிக்கை, மற்றது என்னுடைய நாவல்.

பெரியம்மா: எதில் நஞ்சு?

நான்: நாவலில்.

பெரியம்மா: அந்த வித்தியாசம் அங்கே ஒருவருக்கும் பிடிபடவில்லை.

நான்: மேலே 'பதினேழாம் அத்தியாயம்' என்று பெரிதாகப் போட்டிருந்தேனே!

பெரியம்மா: 'பதினேழாவது பொதுக்கூட்டம்' என்று வாசித்தார். இல்லை, பதினெட்டாவது என்று ஒருவர் எழும்பினார். அதற்கே அரை மணித்தியாலம்.

நான்: இது கதை என்று ஒருவராவது சொல்லவில்லையா? மாயமந்திரக் கதை பெரியம்மா. பழைய ஐரோப்பாவைப் போல ஒரு தேசம். கோவில் சாவி யார் கையில் இருப்பது என்று பேரரசருக்கும் தலைமைக் குருவுக்கும் சண்டை. கருவூலத்தில் காசு இல்லை. அமைச்சர்களை ஒரு மந்திரவாதி ஆசனத்தோடு ஒட்ட வைத்துவிடுகிறான்.

பெரியம்மா: மறுகா, இதில் எந்த இடத்தில் கதை என்று சொல்லச் சொல்கிறாய்?

(நாலு வருடம். அறுநூறு பக்கம். முன்பக்கத்துக்கு ஒரு வரைபடம்கூடக் கீறி வைத்திருக்கிறேன்.)

நான்: பனி இருந்ததே! முற்றத்தில் முழங்கால் அளவு பனி. மட்டக்களப்பில் எங்கே அப்படிப் பனி?

பெரியம்மா: அதைப் பிடித்தார்கள். பனி மார்கழியில்தான் பெய்யும், கூட்டம் ஆவணியில் நடந்தது என்று சொல்லி, பனியை வெட்டி வெயில் என்று போட்டாயிற்று. இப்போது முற்றத்தில் முழங்கால் அளவு வெயில் கிடக்கிறது.

நான்: ட்ராகன்?

பெரியம்மா: அதென்னகா ட்ராகன்?

நான்: கபரக்கொய்யாவுக்குச் செட்டை முளைத்த மாதிரி. நெருப்புக் கக்கும்.

பெரியம்மா: இரவு முழுக்க உறுமி, புகை கக்கி, ஊரை நித்திரை கொள்ள விடாமல் ஒன்று செய்ததே, அதுவா? ஜெனரேட்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். நாளுக்கு ஏழு எருது தின்றதாக எழுதியிருக்கிறாய். ஏழு எருதுக்கும் பற்றுச்சீட்டு எங்கே என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது என்றார் பொருளாளர்.

நான்: எருதுக்கா?

பெரியம்மா: ஏழுக்கும்.

நான்: அந்தக் கருவூலக் காட்சி? காப்பாளன் நள்ளிரவில் கதவைத் திறக்கிறான், உள்ளே சிலந்தி வலை மட்டும்...

பெரியம்மா: அந்த இடத்தில் கதிரை இழுபடுகிற சத்தம்கூட இல்லை மனே. மறுகா பொருளாளர் எழும்பினார். 'சிலந்தி வலை' என்பதை 'வங்கிக் கட்டணம்' என்று மாற்றும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

நான்: பேரரசர் வாளை உருவுவாரே, அதையாவது...

பெரியம்மா: அதற்கு மூன்று பேர் எழும்பினார்கள். பேரரசர் தான்தான் என்று மூன்று பேருக்கும் நினைப்பு. வாள் இல்லை, குடை என்றார் ஒருவர். உருவவில்லை, விரித்தேன் என்றார் மற்றவர். மூன்றாவது ஆள், வாள் இருக்கட்டும், பேருக்குப் பின்னால் 'ஐயா' போடவில்லையே என்றார்.

நான்: பேரரசர் ஐயாவா?

பெரியம்மா: பேரரசர் ஐயா அவர்கள்.

நான்: ஆசனத்தோடு ஒட்ட வைத்ததை என்ன செய்தார்கள்?

பெரியம்மா: 'தொடர்ந்தும் சேவையாற்றி வருகின்றனர்' என்று மாற்றினார்கள். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் சொல்லுவார்களாம். இந்த வயது வரைக்கும் அந்தப் பாயை எனக்கு ஒருவரும் காட்டவில்லை. கதிரையோடு ஒட்டியதைத்தான் பதினொரு வருடமாகப் பார்க்கிறேன்.

நான்: என் கதையில் அந்த மந்திரத்துக்கு ஒரு விலை இருக்கிறது பெரியம்மா. இந்த வகை நாவலுக்கு அதுதான் விதி. மந்திரம் சும்மா வேலை செய்தால் வாசகர் நம்பமாட்டார். ஒட்ட வைத்த மந்திரவாதிக்கு ஒரு கண் போய்விடும்.

பெரியம்மா: மந்திரிக்கிற கட்டாடியார் ஒரு கழிப்புக்குச் சேவலும் தேசிக்காயும் கேட்கிறார். உன் விதி அவருக்கு எப்போதோ தெரியும். நீ பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொல்கிறாய்.

நான்: சரி, நாளைக்கே செயலாளரிடம் போய் உண்மையான அறிக்கையைக் கொடுத்துவிடுகிறேன்.

பெரியம்மா: அதில் என்ன இருக்கிறது?

நான்: இறைவணக்கம், தலைமையுரை, நன்றியுரை.

பெரியம்மா: நடுவில் குடை விரித்தது?

நான்: அதை எழுத வேண்டாம் என்று செயலாளர் சொன்னார்.

பெரியம்மா: மைக்கைப் பிடுங்கியது?

நான்: அதையும்.

பெரியம்மா: அப்படியென்றால் உன்னுடைய நாவலே இருக்கட்டும். அதில்தான் நடந்தது கொஞ்சமாவது இருக்கிறது.

நான்: உங்களை நினைத்து அந்த நஞ்சை எழுதவில்லை பெரியம்மா. சத்தியமாக.

பெரியம்மா: தெரியும். ஆனால் 'தேத்தண்ணியின் தரம் கவனிக்கப்பட வேண்டும்' என்று தீர்மானம் போட்டுவிட்டார்களே! நானும் வாசலில் நின்று கேட்டேன்: அப்படியானால் அடுத்த கூட்டத்துக்கு மற்றத் தாய்வழிக் குடி ஊற்றட்டுமே? அதற்குக் கோவில் பொறுப்பாளரான வண்ணக்கர் சொன்னார், தேத்தண்ணி உங்களுடைய குடிக்கு என்று மாகோன் வகுத்தது, மாற்ற முடியாது.

நான்: கலிங்கத்து மாகோன் இலங்கைக்குப் படையோடு வந்தது 1215இல். கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டம் போட்டது 1867இல்.

பெரியம்மா: அதைப் போய் அங்கே சொல். மின்விசிறி எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்றதும் மாகோன் வகுத்ததுதான். பிளாஸ்டிக் கதிரையில் கை வைத்தது யாருக்கு, கை இல்லாதது யாருக்கு என்றதும் மாகோன்தான். பாவம் அந்த மனிசன், நாடு பிடிக்க வந்தாரா, கதிரை அடுக்க வந்தாரா தெரியவில்லை.

நான்: அதே 1215இல்தான் இங்கிலாந்தில் ஜான் அரசனை மடக்கி மாக்னா கார்ட்டாவுக்கு முத்திரை குத்த வைத்தார்கள்.

பெரியம்மா: அதில் தேத்தண்ணி யார் ஊற்றுவது என்று இருக்கிறதா?

நான்: இல்லை.

பெரியம்மா: அப்போது எங்களுக்கு உதவாது. அதை விடு. அந்தக் குருவும் அரசனும் சண்டை பிடிப்பதை எங்கிருந்து எடுத்தாய்? நம்முடைய கோவிலைப் பார்த்துத்தான் எடுத்தாய் என்று அங்கே சத்தியம் பண்ணுகிறார்கள்.

நான்: இல்லை பெரியம்மா, உண்மைச் சரித்திரம். ஜெர்மனியில் நாலாம் ஹென்றி என்று ஒரு அரசன். உரோமாபுரியில் ஏழாம் கிரகரி என்ற பாப்பரசர். ஆயர்களை நியமிக்கிற உரிமை யாருக்கு என்று இரண்டு பேருக்கும் தகராறு.

பெரியம்மா: வண்ணக்கர் தெரிவு.

நான்: பாப்பரசர் அரசனைத் திருச்சபையிலிருந்து விலக்கிவிட்டார்.

பெரியம்மா: கோவில் மரியாதையான காளாஞ்சியை மறித்துவிட்டார்.

நான்: 1077 தை மாதம், கனோசா என்ற மலைக்கோட்டை வாசலில் மன்னிப்புக் கேட்டு அரசன் மூன்று நாள் பனியில் வெறுங்காலோடு நின்றானாம்.

பெரியம்மா: மூன்று நாள்தானா? உன் பெரியப்பா காளாஞ்சி கேட்டு மூன்று வருடம் நின்றார். அவரும் வெறுங்கால்தான். கோவிலுக்குள் செருப்போடு விடுவார்களா? கடைசியில் உள்ளே எடுத்தார்களா?

நான்: எடுத்தார்கள். அந்தக் கோட்டை மாட்டில்டா என்ற சீமாட்டிக்குச் சொந்தமானது. பாப்பரசர் அவளுடைய விருந்தாளி. அவளும் இடையில் நின்று பேசித்தான் வழிக்குக் கொண்டுவந்தாள். என் நாவலில் வருகிற கோட்டைச் சீமாட்டி அவள்தான்.

பெரியம்மா: 'இரண்டு பேரும் வாயை மூடுங்கள், இது என் வீடு' என்று சொல்லுவாளே, அவளா?

நான்: ஓம். கேட்டீர்களா அதை?

பெரியம்மா: கேட்டேன். இஞ்ச பார்.

(மடியில் செருகியிருந்த தாளை எடுத்து விரித்தார். நாலாக மடித்து, ஒரு மூலையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டத்தோடு. பனிக்கும் வாளுக்கும் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னத் திருத்தங்கள். ஒரே ஒரு வசனத்தில் மட்டும் சிவப்புப் பேனை, தாள் கிழியும்படி இரண்டு கோடு.)

நான்: சீமாட்டியை வெட்டிவிட்டார்களா?

பெரியம்மா: ஓரத்தில் வாசி.

நான்: 'இவ்வாறு ஒன்று நடைபெறவில்லை. பெண்கள் எவரும் கூட்டத்தில் பேசுவதில்லை. நம்பக்கூடியதாக இல்லை. நீக்குக.'

பெரியம்மா: கபரக்கொய்யா பறந்தது. அதை நம்பினார்கள். ஜெனரேட்டர் எருது தின்றது. நம்பினார்கள். நான் குறை சொல்லவில்லை, கொக்கட்டிச்சோலைக் கோவிலில் பறங்கியின் கண் முன்னால் கல் நந்தி எழும்பிப் புல் தின்றதை நானும் நம்புகிறவள்தான். ஆனால் ஒரு பொம்பிளை வாய் திறந்தாள் என்றதும் எழுபது பேருக்கும் திடீரென்று அறிவு வந்துவிட்டது.

நான்: எழுபது பேருமா?

பெரியம்மா: ஏகமனதாக.

நான்: ...

பெரியம்மா: நீ என்ன குடி மனே?

நான்: அம்மாவின் குடி.

பெரியம்மா: என் தங்கச்சியின் குடி. வண்ணக்கர் என்ன குடி? அவருடைய தாயின் குடி. அந்தக் குடியில் பிறந்ததால்தான் அவருக்கு வண்ணக்கர் வேலை. எங்கள் வயிற்றில் இருந்துதான் உரிமை வருகிறது என்று வாய் கிழியப் பேசுகிறார்கள். வயிறு மட்டும் உள்ளே வரலாம், வாய் வாசலுக்கு வெளியே கேத்தலோடு நிற்க வேணும்.

நான்: இதையும் மாகோன் வகுத்தது என்பார்கள்.

பெரியம்மா: மாகோனுக்கு எத்தனையோ நூறு வருடம் முன்னால் உலகநாச்சி வந்தாள் என்று மட்டக்களப்பு மான்மியம் என்ற பழைய நூலில் இருக்கிறதே. கூந்தலுக்குள் புத்தருடைய தந்தத்தை ஒளித்துக்கொண்டு கடல் தாண்டி வந்தாள், அரசனிடம் நிலம் கேட்டு வாங்கினாள், மண்முனையை ஆண்டாள், கோவில் கட்டினாள். சமயம், அரசியல், மாயம் என்று நீ அறுநூறு பக்கம் எழுதுகிறாயே, அவளுடைய கொண்டைக்குள் மூன்றும் இருந்தன.

நான்: அவளை எழுதலாம்தான்...

பெரியம்மா: எழுதாதே. எழுதினால் அவளையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றச் சொல்லுவார்கள்.

நான்: இப்போது என்ன செய்வது பெரியம்மா? திருத்தங்களோடு திரும்ப அடித்துக் கொடுக்கவா?

பெரியம்மா: கொடு. முழங்கால் அளவு வெயிலைப் போடு. ஐயாவைப் போடு, மூன்று பேருக்கும் போடு. சிலந்திக்கு வங்கிக் கட்டணம் போடு. சீமாட்டியை மட்டும் வெட்டாதே.

நான்: கண்டுபிடித்தால்?

பெரியம்மா: எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? கையெழுத்துப் போடுகிற நேரத்தில் வாசிக்கிறவர்களாக இருந்தால் உன் நாவல் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? வண்ணக்கர், செயலாளர், பொருளாளர், மூன்று கையெழுத்தும் அவளுக்குக் கீழே விழ வேணும். மறுகா அது கோவில் பதிவு. நூறு வருடம் கழித்து எவனாவது எடுத்து வாசித்து, இப்படித்தான் அன்றைக்கே வகுத்தது என்று சண்டை பிடிப்பான்.

நான்: அப்படியென்றால் நஞ்சை எடுத்துவிடுகிறேன். உங்களுக்குத்தானே கெட்ட பேர்.

பெரியம்மா: நஞ்சு இருக்கட்டும், நல்ல இடம் அது. கிண்ணத்தில் என்ன இருந்தது என்று எழுதியிருக்கிறாய்?

நான்: ஒன்றும் எழுதவில்லை. வெறும் கிண்ணம்.

பெரியம்மா: கோப்பி என்று எழுது.

நான்: ஏன் கோப்பி?

பெரியம்மா: தேத்தண்ணி எங்கள் குடி. கோப்பி வண்ணக்கருடைய குடி.

நான்: அதை யார் சொன்னது?

பெரியம்மா: மாகோன் வகுத்தது.