மணி சரிதான் தம்பி, காற்று?

"ஏழரைக்குத்தான் மாமா விட்டோம். டைமுக்குள்ளதானே?" என்று அந்தப் பையன் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னது சரி. தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அவன் ராக்கெட் விட்டது 7.30 மணிக்கு. அது போய் விழுந்ததுதான் என் மச்சானின் நண்டு வலைக் குவியலில்.

நைலான் வலை ஓலை மாதிரி குப்பென்று எரிந்து அடங்காது. மேலே கிடந்த தார்ப்பாய் ஓட்டை விழுந்து, வலை முதலில் சுருங்கியது, அப்புறம் உருகிச் சொட்ட ஆரம்பித்தது. மச்சான் வெறுங்கையால் இழுத்துப் பிரித்ததில் ஒரு சொட்டு புறங்கையில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் ஊற்றியும் விடவில்லை, கடைசியில் தோலோடுதான் வந்தது. நாலடி தள்ளி நின்ற வள்ளத்தில் மண்ணெண்ணெய் கேன் இருந்தது. அதை நினைத்தால் இப்பவும் வயிற்றைக் கலக்குகிறது.

உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம் எங்கள் ஊர். வடக்கேயிருந்து வாடைக் காற்று எடுத்துவிட்டால் அது ஊருக்குள்ளிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். தெருவில் எதைக் கொளுத்தினாலும் பொறி கரைக்குத்தான் போகும். வலை, எஞ்சின், ஓலைக் கொட்டகை என்று எங்கள் பிழைப்பு மொத்தமும் கிடப்பது அங்கேதான்.

இந்த நேரக் கணக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் போட்டது. தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 என்றார்கள். நமக்கு விடியக்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெடிப்பதுதானே தீபாவளி? தமிழக அரசு போய்க் கேட்டது. மொத்தம் இரண்டு மணி நேரம்தான், எப்போது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றது நீதிமன்றம். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு இரவு 11.55 முதல் 12.30 வரை. சரவெடிக்குத் தடை, பசுமைப் பட்டாசு மட்டும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அதற்கு முன்பே ஒரு விதி உண்டு. அளந்து பார்க்க யாரிடம் மீட்டர் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

டெல்லிப் புகைக்காகப் போன வழக்கில் வந்த கணக்கு இது. தப்பென்று சொல்லவில்லை. ஆனால் கடிகாரத்தை மட்டும் பார்த்தால் எங்கள் கரைக்குப் பத்தாது. வருஷா வருஷம் வரும் அரசு அறிவிப்பில் கீழே இரண்டு வரி இருக்கும், யாரும் அதுவரை படிப்பதில்லை. குடிசைப் பகுதி, எளிதில் தீப்பற்றும் இடங்கள் பக்கம் வெடிக்காதீர்கள் என்பது ஒன்று. உள்ளாட்சியில் முன் அனுமதி வாங்கி, திறந்தவெளியில் எல்லோரும் கூடி வெடிக்கலாம் என்பது இன்னொன்று. எங்களுக்கு வேண்டிய சட்டம் அந்த இரண்டு வரிதான். இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். தீயை அலட்சியமாகக் கையாண்டு பிறருக்கு ஆபத்து வரவைத்தால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 287-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. அந்தப் பிரிவில் மணி கிடையாது.

இதெல்லாம் பழைய ஆட்களுக்குத் தெரியாததா? திருக்கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துகிறோமே, தெருவிலா கொளுத்துகிறோம்? கோயில் முன்னால் பொட்டலில், சுற்றி ஓலை வீடு இல்லாத இடமாகப் பார்த்துத்தான் பனையை நடுவார்கள். காற்று பலமாக இருந்தால் பூசாரி கொஞ்ச நேரம் பொறுப்பார். என் சின்ன வயதில் பொறி பறக்கும் மாவளி சுற்றக்கூட எங்களைக் கரைப்பக்கம் விட்டதில்லை.

போகிதான் இப்போது கெட்டுப்போய்விட்டது. கிழிந்த வலை, கயிறு, தெர்மாகோல் பெட்டி என்று எல்லாவற்றையும் வாசலில் போட்டுக் கொளுத்துகிறார்கள். அந்தக் கறுப்புப் புகை மதியம் வரை தொண்டையில் நிற்கும். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே சொல்லிவிட்டது. எங்கள் தெருவில் யாரும் கட்டி நான் பார்த்ததில்லை. பழைய வலையை எடைக்கு வாங்க ஆள் வருகிறபோது எரிப்பானேன்?

வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுக்கப் போகிறேன். வலை காயப்போடும் இடத்திலிருந்து தள்ளி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் பொட்டலை ஒதுக்குங்கள், அங்கே மட்டும் வெடிப்போம் என்று. மச்சானிடம் கையெழுத்து கேட்டேன். போட்டார். புறங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே, "சரி மாப்ள, ரெண்டு டிரம் தண்ணி யாரு கொண்டாந்து வைக்கிறது? அதையும் மனுவுல எழுது" என்றார்.

எழுதியிருக்கிறேன். ஒரு டிரம் என் வீட்டிலிருந்து.