அது ஒன்றுமில்லாத பொட்டல் இல்லை

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் எடுத்த அந்த வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன். "ஒண்ணுமே இல்லாத பொட்டல், ஆயில் வந்ததாலதான் மனுச நடமாட்டம்" என்று அந்தத் தம்பி சொல்கிறார். எண்ணெய்க் கிணற்றுக்குப் போகும் தனிப்பாதையில் வண்டியை நிறுத்தி, கிணற்று வாயுவை எரிக்கும் சுடருக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார். அதற்கு இத்தனை பாராட்டு. எனக்குத் தாங்கவில்லை. அது பொட்டல் இல்லை. யாருமில்லாத இடமும் இல்லை.

முதலில் அந்தப் பாதையைச் சொல்கிறேன். சிவப்பாக இருக்கிறதே, அந்தக் கல்லை அங்கே ஸ்கோரியா என்பார்கள். மண்ணுக்குள் பழுப்பு நிலக்கரி எரிந்து, மேலே கிடந்த களிமண் செங்கல்போல வெந்து உண்டானது. மழையிலும் அதன்மேல் வண்டி ஓடும். ஓரத்துச் சாம்பல் நிற மண்ணில் வண்டியை இறக்கினால் தொலைந்தது. அது பென்டோனைட் களிமண். ஈரம் பட்டதும் உப்பி வழுக்கும், சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுற்றவே விடாது. ஃபோர் வீல் டிரைவ் இருந்தாலும் காயும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அடுத்தது அந்தச் சுடர். பின்னால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவுக்கான எச்சரிக்கைப் பலகை தெளிவாகத் தெரிகிறது. பாக்கன் என்ற பாறை அடுக்கின் எண்ணெயில் அந்த வாயு குறைவுதான், ஆனால் பழைய மேடிசன் அடுக்குக் கிணறுகளில் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஓடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில் தேங்கும். அந்தத் தம்பி நிற்பது பள்ளத்தில். கிணற்றடியில் காற்றுத் திசை காட்டும் துணிக்கூம்பு கட்டியிருப்பது இதற்காகத்தான். அதைப் பார்த்து, காற்று வரும் பக்கமாக மேட்டுக்கு ஏற வேண்டும்.

"ஒரு வீடியோவுக்கு இவ்வளவு பேச்சா?" என்பீர்கள். அந்தப் பாதையில் லாரி வரும் ஐயா! ஒரு கிணற்றைத் தோண்டி, பாறையை உடைத்து, எண்ணெய் வரவைக்கச் சுமார் 2,000 லாரி நடை ஆகும். தண்ணீர், மணல், குழாய், திரும்பும்போது கிணற்றிலிருந்து வரும் உப்புநீர். புழுதிக்குள் முன்னால் கார் நிற்பது லாரி ஓட்டுநருக்குத் தெரியாது. முழுச் சுமையோடு சட்டென்று நிறுத்தவும் முடியாது.

"எண்ணெய் வந்ததால் ஊர் வளர்ந்ததே" என்று ஒருவர் எழுதியிருந்தார். வளர்ந்தது, மறுக்கவில்லை. அங்குள்ள வில்லிஸ்டன் நகரத்தின் மக்கள்தொகை 2010-ல் 14,716, 2020-ல் 29,160. ஆனால் அந்த 14,716 பேர் மனிதர்கள் இல்லையா? டியோகா என்ற ஊர்ப்பக்கம் முதல் எண்ணெய் 1951-லேயே வந்தது. அதற்கும் முன்பே கோதுமை விதைத்தவர்களும் மாடு வளர்த்தவர்களும் அங்கே இருந்தார்கள். வாடகை ஏறியபோது ஊரைவிட்டுப் போக வேண்டிவந்தது பென்ஷனில் வாழ்ந்த கிழவர்களுக்கு.

"நிலத்தில் பம்ப் ஓடுதுன்னா நிலத்துக்காரருக்குக் காசுதானே?" அதுவும் தவறு. அங்கே பல இடங்களில் மேல்மண் ஒருவருக்கு, அடியில் இருக்கும் கனிமம் இன்னொருவருக்கு. நிலத்தை விற்றவர்கள் பலர் கனிம உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். கனிமக்காரர் தோண்ட வந்தால் மேல்மண்காரர் தடுக்க முடியாது. பயிர்ச்சேதத்துக்கு ஈடு உண்டு, எண்ணெயில் பங்கு கிடையாது. சமையலறை ஜன்னலுக்கு நேரே இரவெல்லாம் சுடர் எரியும். அந்த எண்ணெயிலிருந்து அவருக்கு ஒரு பைசா வராது.

"நீ பெட்ரோல் போடுறதில்லையா?" போடுகிறேன். இந்தத் துறையில்தான் சம்பளமும் வாங்குகிறேன். எண்ணெயே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் அந்த உப்புநீர் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு. வயலில் கொட்டினால் சோடியம் களிமண்ணைக் கட்டியாக்கி, வருடக்கணக்கில் புல் முளைக்க விடாது. வில்லிஸ்டனுக்குப் பக்கத்தில், பிளாக்டெயில் ஓடையருகே, 2014 ஆகஸ்டிலிருந்து 2015 ஜனவரி வரை ஓர் உப்புநீர்க் குழாய் கசிந்துகொண்டே இருந்தது. சுமார் 7 லட்சம் பீப்பாய். அந்த ஓடையில் தண்ணீர் குடித்த மாடு யாருடையது? பொட்டலில் யார் மாடு வைத்திருந்தார்?

வீடியோவில் ஓர் ஏரி வருகிறது, "செம வியூ" என்ற சொல்லோடு. அது சகாகவீயா ஏரி. மிசூரி ஆற்றில் காரிசன் அணை கட்டியபோது, 1953-ல், மாண்டன், ஹிடாட்சா, அரிக்கரா என்ற பழங்குடி மக்களின் ஆற்றங்கரை வயல்கள் அதில் மூழ்கின. எல்போவுட்ஸ் என்ற ஊர் மூழ்கியது. அதன் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சேர்ந்தே போயின. நல்ல வண்டல் மண்ணை விட்டு, காற்றடிக்கும் மேட்டுக்கு ஏறினார்கள். இன்று அந்த மேட்டிலும் கிணறுகள், அவர்கள் வீட்டு வாசல் வழியாக அதே லாரிகள். எண்ணெயில் பங்கு கிடைக்கும் குடும்பமும் உண்டு, வெறும் புழுதி மட்டும் கிடைக்கும் குடும்பமும் உண்டு.

பொறாமையில் எழுதுகிறேன் என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். தம்பி, அந்தச் சுடர் காட்சியை மட்டுமாவது எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்து இன்னொருவர் அந்தப் பள்ளத்தில் போய் நிற்கக் கூடாது.