முல்கோவால் மரணங்களும் ஹாஃப்கினின் தடுப்பூசியும்

1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் நுண்ணுயிரியலாளர் வால்டெமார் ஹாஃப்கின் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியே 19 பேரைக் கொன்றது என்று முத்தியால்பேட்டை நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடலூரிலிருந்தும் இருவர் அதையே பகிர்ந்திருக்கிறார்கள். 19 பேர் இறந்தது உண்மை, ஆனால் காரணம் தடுப்பூசி மருந்து அன்று.

அன்று அங்கே ஊசி போட்டுக்கொண்டவர்கள் 107 பேர். இறந்த 19 பேருக்கும் '53-N' என்று எண்ணிட்ட ஒரே புட்டியிலிருந்துதான் மருந்து செலுத்தப்பட்டது. மற்றப் புட்டிகளிலிருந்து போட்டுக்கொண்ட 88 பேருக்கு ஒன்றும் நேரவில்லை. அந்த 19 பேர் இறந்தது டெட்டனஸ் எனும் இரண ஜன்னியால். புட்டியைத் திறக்கும்போது உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி மண்ணில் விழுந்ததும், அதைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாமல் அதே இடுக்கியால் தக்கையை எடுத்ததும் பின்னர் தெரியவந்தன. இரண ஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். முதல் விசாரணை பழியை மருந்து தயாரித்த ஹாஃப்கினின் ஆய்வகத்தின் மீது போட்டதால் ஹாஃப்கின் பதவியிழந்தார். 1907-இல்தான் அவர் மீதிருந்த பழி நீங்கியது.

ஐயமுள்ளவர்கள் 1907-ஆம் ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழில் மலேரியா ஆய்வாளர் ரொனால்ட் ராஸ் இது பற்றி எழுதியதைப் படிக்கலாம். 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பழைய இதழ்கள் பப்மெட் சென்ட்ரல் எனும் மருத்துவக் கட்டுரைத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் (Mulkowal) இட்டு, 1907 என்று ஆண்டைக் குறித்துத் தேடினால் போதும்.