அணைத்த பின்பும் மின்குமிழ் மினுங்கினால்

"வீட்டில் செய்த மேசை விளக்கை அணைத்த பின்பும் எல்.ஈ.டி. மின்குமிழ் மங்கலாக மினுங்கினால் சுவிட்ச் பழுது, மாற்றினால் சரி" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். சுவிட்ச் நன்றாகவே இருக்கலாம். அதை, மின்சாரம் வரும் லைவ் வயரில் போடாமல், திரும்பிச் செல்லும் நியூட்ரல் வயரில் போட்டிருந்தாலும் இப்படித்தான் மினுங்கும். அப்படியானால் அணைத்த பின்பும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். மின்குமிழைக் கழற்றும் விரல் பட்டால் உயிருக்கே ஆபத்து. புதுச் சுவிட்சையும் அதே வயரில் போட்டால் என்ன பயன்?

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கைத் திறந்தால் ஃபியூஸ் பக்கத்தில் பழுப்பு (லைவ்) வயர் இருக்க வேண்டும். விளக்குக்கு 3 அம்பியர் ஃபியூஸ் போதும். அந்தப் பழுப்பு வயரே சுவிட்ச் வழியாகச் சென்று, திருகு ஹோல்டரின் நடுத் தகட்டில் முடிய வேண்டும். நீல (நியூட்ரல்) வயர் வெட்டுப்படாமல் ஹோல்டரின் மரைக்குப் போக வேண்டும். இரண்டு இழையும் ஒரே நிறமான வயர் என்றால் கண்ணால் தீர்மானிக்காதீர்கள், எந்த முனை எதனோடு இணைந்திருக்கிறது என்று மல்டிமீட்டரால் தொடர்ச்சி பாருங்கள். சுவிட்சை அணைத்ததும் ஃபியூஸ் பக்கப் பின்னுக்கும் நடுத் தகட்டுக்கும் இடையே தொடர்பு அறுபட வேண்டும்.

திருப்பிச் செருகக்கூடிய இரட்டைப் பின் பிளக் என்றால் இந்த ஒழுங்கு நிலைக்காது. இரு வயரையும் ஒன்றாகத் துண்டிக்கும் சுவிட்சையே போடுங்கள்.