காயச் சட்டியை நக்கலடித்தவர்களுக்கு

இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். ஏலவில்லை. எழுதத்தான் வேண்டும்.

அந்தக் காயச் சட்டிப் படத்துக்குக் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காயம் என்றால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவென்று அரைத்துக் கொடுக்கிற மருந்துச் சரக்கு. பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள், மாமி அரைத்துக் கொடுத்த காயத்தை அம்மி குழவியோடு சேர்த்துப் படமெடுத்துப் போட்டாள் அந்தப் பிள்ளை. சந்தோசத்தில் போட்டது. அதற்குப் படித்தவர்கள் வந்து எழுதியவை என்ன? "இன்னும் எந்தக் காலத்தில இருக்கிறீங்க?" "பால் வர மிளகும் மஞ்சளும் தின்னணுமா?" "உங்கட மாமி எந்தக் கம்பஸ்?" கடைசிக் கேள்வியைக் கேட்டவர் எனக்குத் தெரிந்தவர். அவரைப் பெற்ற அம்மாவும் இதே காயத்தைக் குடித்துத்தான் அவருக்குப் பால் கொடுத்திருப்பா.

சட்டிக்குள் இருக்கிற சரக்கை மட்டும் பார்த்தீர்கள். அதை அரைக்க ஒருத்தி அந்த வீட்டில் விடிய எழும்பி நிற்கிறாளே, அது உங்கள் கண்ணில் படவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். மூத்தவன் ஒப்பரேசனில் பிறந்தான். மூன்றாம் நாள் வரைக்கும் பால் இறங்கவில்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இவவுக்குப் பால் இல்லப் போல, மாவ வாங்கிக் கரைச்சுக் குடுங்க" என்றா. அன்று இரவு முழுக்க அழுதேன். பிள்ளை பெற்றதும் சுரக்கிற தடித்த கடும்புப்பால் முதல் நாள் ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும், பிறந்த பிள்ளைக்கு அது காணும், ஒப்பரேசன் செய்த தாய்க்குப் பால் இறங்கக் கொஞ்சம் பிந்தும் என்று அப்போது எனக்கு யாருமே சொல்லவில்லை.

மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருக்கிற வீட்டுக்கு வந்த மறுநாள் நாலு மணிக்கே அம்மிச் சத்தம் கேட்டது. மஞ்சள், மல்லி, சீரகம், வேர்க்கொம்பு, திப்பிலி, உள்ளி. மிளகை மட்டும் அம்மா உள்ளங்கைக் குழிக்குள் கொட்டிப் பார்ப்பா. பெருவிரலால் இரண்டு மூன்றைத் தள்ளிவிட்டு, "இது காணும்" என்பா. அரைத்ததை நெல்லிக்காய் அளவு உருட்டி வாயில் வைப்பா. மத்தியானத்துக்குத் தூள் போடாத பால்சுறாக் கறியும் முருங்கையிலையும். மறுகா பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "நீ படு புள்ள, அவனுக்குப் பசிச்சா நான் கொண்டாறன்" என்பா. கொண்டுவந்தா. இரவிலும் கொண்டுவந்தா. பிள்ளை சூப்பச் சூப்பத்தான் பால் ஊறும், இராப்பால் கொடுக்கக் கொடுக்கத்தான் சுரப்புக் கூடும் என்று பிறகு எங்கள் மிட்வைஃப் மிஸ் விளக்கினா. அம்மாவுக்கு அந்த விளக்கமெல்லாம் தெரியாது. ஆனால் என்னைப் படுக்க வைத்தா, சாப்பிட வைத்தா, அழ விடாமல் வைத்திருந்தா. ஐந்தாம் நாள் பால் நெஞ்சை நனைத்து வழிந்தது.

"அப்போ காயத்தால் வரவில்லையே, நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்" என்று இப்போது ஒருவர் வருவார். வாருங்கள். வெந்தயம், முருங்கை, பெருஞ்சீரகம், வாழைப்பூ, சாத்தாவாரி போன்றவற்றோடு பால் சுரக்கக் கொடுக்கும் மாத்திரைகளையும் சேர்த்து 41 ஆய்வுகளை, 3005 தாய்மாரை வைத்து, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற கொக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று 2020இல் வந்தது. மூலிகைகளால் பால் கூடலாம், ஆனால் அதை உறுதியாகச் சொல்லுமளவுக்குச் சான்று பலமாக இல்லை என்பதுதான் அதன் முடிவு. நக்கலடிக்கச் சொல்லி அதில் எங்கேயும் இல்லை.

கடும்புப்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சீனித்தண்ணி பருக்கிய கிழவிகளும் எங்கள் ஊரில் இருந்தார்கள். அது பிழை. தாய்க்குத் தண்ணீர் கொடுக்காமல் வாட்டியதும் பிழை. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவளும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவளும் வெந்தயத்தை அள்ளிச் சாப்பிடக்கூடாது, டொக்டரிடம் கேட்க வேண்டும். இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். ஒருத்தர் சொன்னீர்களா? "எந்தக் கம்பஸ்" என்றுதான் கேட்டீர்கள்.

கம்பஸ் என்றால், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே நடக்கிறது. அதை விடுங்கள். 2016 கணக்கெடுப்பில் இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டும் குடித்தன. அதில் வீடு வீடாக ஏறி இறங்கிய மிட்வைஃப்மாரின் உழைப்பு இருக்கிறது. அவர்கள் போன பிறகு இரவில் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த மாமிமாரின் உழைப்பு இல்லையா? அம்மம்மாமாரின் உழைப்பு இல்லையா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். எத்தனை பிள்ளைகளின் தாய்மார் கட்டாரிலும் குவைத்திலும் யாரோ ஒருவருடைய பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே மகள் பெற்றுப்போட்டுத் தனியே கிடக்கிறாள். அரைத்துக் கொடுக்க ஆளில்லாமல் ஒன்லைனில் பால் சுரக்கிற பவுடர் என்று ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறாள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பக்கெட். அதற்குக் கீழே போய் எழுதுங்களேன். அங்கே ஒரு கொமெண்டையும் காணவில்லை.

என் அம்மா இப்போது இல்லை. அம்மி இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அவவின் மஞ்சள் பிடித்த நகம்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் இவ்வளவு கோபம், மறைக்கவில்லை.

நேற்று இரவு அந்தப் பிள்ளை இன்பொக்ஸில், "அக்கா, காயத்த நிப்பாட்டட்டா?" என்று கேட்டிருந்தாள். கோல் எடுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் பிள்ளை மூத்திரம் போகிறான் என்று கேட்டேன். ஏழெட்டுத் தரம் என்றாள். ஆறுக்கு மேல் போனால் பால் காணுது என்றுதான் அர்த்தம், பயப்படாதே என்றேன். மிட்வைஃப் மிஸ் வரும்போது அந்தச் சட்டியை அவவிடமே காட்டிக் கேள், மாமி அரைத்துத் தந்தால் குடி என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "மாமியும் அந்தக் கொமெண்ட்ஸ வாசிச்சிட்டா அக்கா" என்றாள். முந்தநாளிலிருந்து அவ அம்மியில் கை வைக்கவில்லையாம்.